ஒரு நொடி, பத்து மீட்டர்: சாலைப் பாதுகாப்பு பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பல வருடங்களாக வண்டி ஓட்டக் கற்றுக்கொடுத்து வருகிறேன். வகுப்பெல்லாம் முடிந்து, சாவியைக் கையில் வாங்கிக்கொண்டு கிளம்பும்போதுதான் பலருக்கும் உண்மையான சந்தேகங்கள் வரும். அப்படிக் கேட்கப்பட்டவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். பதில்களில் ஒரே கணக்கு திரும்பத் திரும்ப வரும்: ஆபத்து கண்ணில் பட்ட பிறகு உங்களுக்கு எத்தனை நொடி மிச்சம், எத்தனை மீட்டர் மிச்சம்?

நான் ஓட்ட ஆரம்பித்ததிலிருந்து ஒரு கீறல்கூட விழுந்ததில்லை. எனக்கு எதற்கு இந்தப் பாடம்?

உங்கள் நிதானத்துக்கு அதில் பெரிய பங்கு உண்டு, மறுக்கவில்லை. ஆனால் எதிரே வருபவர் ராத்திரி தூங்கினாரா, பக்கத்தில் போகிறவர் கண்ணாடியைப் பார்த்துவிட்டுத் திரும்புவாரா என்பதெல்லாம் உங்கள் கையில் இல்லை. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2021ஆம் ஆண்டில் மட்டும் சாலைகளில் ஏறத்தாழ 11.9 லட்சம் பேர் இறந்தார்கள். 5 முதல் 29 வயது வரையுள்ளவர்களின் சாவுக்கு முதல் காரணம் இதுதான். எந்த நோயும் இதற்குப் பிறகுதான் வருகிறது. இறந்தவர்களில் பாதிக்கும் மேற்பட்டவர்கள் நடந்து போனவர்கள், சைக்கிளிலும் மோட்டார் சைக்கிளிலும் போனவர்கள். அவர்களைச் சுற்றி இரும்புக் கூடு கிடையாது. நீங்கள் காரில் உட்கார்ந்திருந்தால் உங்கள் தவறுக்கான விலையை அவர்கள்தான் கொடுப்பார்கள்.

50 போக வேண்டிய இடத்தில் 60 போனால் அப்படி என்ன ஆகிவிடும்?

இந்தக் கேள்விக்கு நான் எப்போதும் பேப்பரும் பேனாவும் எடுத்து வைத்துத்தான் பதில் சொல்வேன்.

ஆபத்தைப் பார்த்து, மூளைக்குப் புரிந்து, கால் பிரேக்குக்குப் போக ஏறத்தாழ ஒன்றரை நொடி ஆகும். அந்த ஒன்றரை நொடியில் வண்டி கொஞ்சமும் வேகம் குறையாமல் போய்க்கொண்டே இருக்கும். 50 கி.மீ. வேகத்தில் அது 21 மீட்டர். பிறகு காய்ந்த நல்ல ரோட்டில் முழு பிரேக் அடித்தால் நிற்க இன்னும் 14 மீட்டர். மொத்தம் 35 மீட்டர்.

இப்போது 35 மீட்டர் தள்ளி, நின்றிருக்கும் வேனுக்குப் பின்னாலிருந்து ஒருவர் ரோட்டில் இறங்குகிறார். 50இல் வந்த கார் அவர் முழங்காலுக்கு முன்னால் வந்து நின்றுவிடும். அதே இடத்தில் 60இல் வந்த கார், டிரைவரின் கால் பிரேக்கைத் தொடுவதற்குள்ளேயே 25 மீட்டரைத் தின்றுவிட்டது. பிரேக் பிடிக்க மிச்சமிருப்பது 10 மீட்டர்தான். கணக்குப் போட்டுப் பாருங்கள்: அந்த 10 மீட்டர் முடியும்போது காரின் வேகம் இன்னும் மணிக்கு 42 கி.மீ. அந்த வேகத்தில்தான் அவர் மேல் மோதும். ஒரு வண்டி தொடாமல் நிற்கிறது, இன்னொன்று 42இல் அடிக்கிறது. இடையில் இருந்த வித்தியாசம் வெறும் பத்து.

வேகம் கூடினால் மோதும் சக்தி வேகத்தின் வர்க்கமாகக் கூடும் என்பதுதான் காரணம். 50லிருந்து 60க்குப் போனால் வேகம் 20 சதவீதம்தான் கூடுகிறது. சக்தி 44 சதவீதம் கூடிவிடுகிறது. காரின் முன்பக்கம் மோதி நடந்து போகிறவர் இறக்கும் ஆபத்து, 50லிருந்து 65க்கு ஏறும்போது நான்கரை மடங்காகிறது.

சரி, இதில் நாம் மிச்சம் பிடிப்பது எவ்வளவு? 10 கி.மீ. தூரத்தை எங்கும் நிற்காமல் 50இல் போனால் 12 நிமிடம், 60இல் போனால் 10 நிமிடம். அந்த இரண்டு நிமிடத்தையும் அடுத்த சிக்னல் வாங்கிக்கொள்ளும்.

குடியிருப்புப் பகுதியில் 30 என்று போர்டு வைக்கிறார்களே, ரொம்ப மெதுவாக இல்லையா?

30இல் மொத்தம் 18 மீட்டருக்குள் நின்றுவிடலாம். குழந்தைகளும் சைக்கிள்களும் கார்களும் ஒரே இடத்தில் புழங்கும் தெருக்களுக்கு 30தான் உச்சம் என்று 2020ஆம் ஆண்டு ஸ்டாக்ஹோமில் நடந்த உலக சாலைப் பாதுகாப்பு மாநாட்டின் பிரகடனம் சொன்னது. பின்லாந்துத் தலைநகர் ஹெல்சின்கியில் பாதிக்கும் மேற்பட்ட தெருக்களில் இப்போது 30தான். 2025 ஜூலையோடு முடிந்த ஓராண்டில் அந்த நகரச் சாலைகளில் ஒரு உயிர்கூடப் போகவில்லை.

முன்னால் போகிற வண்டிக்கு எவ்வளவு இடைவெளி விட வேண்டும்?

மீட்டரில் அளக்காதீர்கள், கண்ணால் தூரம் மதிப்பிடுவது யாருக்கும் சரியாக வராது. முன் வண்டி ஒரு கம்பத்தைத் தாண்டும்போது "ஆயிரத்து ஒன்று, ஆயிரத்து இரண்டு" என்று நிதானமாகச் சொல்லுங்கள். சொல்லி முடிப்பதற்குள் நீங்கள் அந்தக் கம்பத்தைத் தொட்டுவிட்டால் நெருங்கிப் போகிறீர்கள் என்று அர்த்தம். மழையில் நான்கு எண்ணிக்கை. அந்த இடைவெளியில் இன்னொருவர் வந்து நுழைந்தால் எரிச்சல் வரத்தான் செய்யும். காலை லேசாக எடுங்கள், இடைவெளி மறுபடி கிடைத்துவிடும்.

ஓவர்டேக் எடுக்கும்போது எதிரே வரும் வண்டி தூரத்தில்தானே இருந்தது, எப்படிக் கிட்டே வந்துவிடுகிறது?

நேரே எதிரே வரும் பொருளின் வேகத்தைக் கண்டுபிடிக்க மனிதக் கண் ரொம்பத் திணறும். அது கொஞ்சம் கொஞ்சமாகப் பெரிதாவது மட்டும்தான் தெரியும். அதுவும் கடைசி நேரத்தில்தான் சட்டென்று தெரியும். நீங்கள் 80, அவர் 80 என்றால் இரண்டு வண்டியும் ஒரு நொடிக்கு 44 மீட்டர் நெருங்குகின்றன. லாரி ஒன்றைத் தாண்டி மறுபடி உங்கள் பக்கத்துக்கு வர 8 நொடி ஆகும் என்று வையுங்கள். 350 மீட்டருக்கு மேல் காலியாக இருக்க வேண்டும், அதுவும் தப்புவதற்கு மட்டும். வளைவிலும், மேடு ஏறும் இடத்திலும் அத்தனை தூரம் கண்ணுக்குத் தெரியாது. தெரியாத இடத்தில் எடுக்கவே கூடாது. பாதியில் சந்தேகம் வந்தால் பிரேக் பிடித்துப் பின்னால் வந்துவிடுங்கள். அதில் ஒரு குறைச்சலும் இல்லை.

ஏபிஎஸ் இருக்கிறதே, மழையில் பயமில்லாமல் போகலாம்தானே?

பிரேக்கோடு இருக்கும் ஏபிஎஸ் செய்வது ஒரு வேலை: சக்கரம் பூட்டிக்கொண்டு வழுக்காமல் பார்த்துக்கொள்கிறது. அதனால் பிரேக்கை அழுத்திக்கொண்டே வண்டியைத் திருப்ப முடிகிறது. ரோட்டுக்கும் டயருக்கும் இடையே இல்லாத பிடிப்பை அதனால் உண்டாக்க முடியாது. ஈர ரோட்டில் பிரேக் தூரம் ஏறக்குறைய இரட்டிப்பாகும். சரளைக் கற்களில் ஏபிஎஸ் இருந்தால் சில சமயம் கூடுதல் தூரம்கூட ஆகும்.

ரொம்ப நாள் கழித்துப் பெய்யும் மழையின் முதல் சில நிமிடங்கள்தான் மோசம். ரோட்டில் படிந்த எண்ணெயும் புழுதியும் தண்ணீரோடு கலந்து சோப்பு மாதிரி ஆகிவிடும். தண்ணீர் தேங்கிய இடத்தில் வேகமாகப் போனால் டயர் தண்ணீரின் மேலேயே மிதந்து போகும். ஸ்டியரிங் திடீரென்று லேசாகிவிட்டது போல் கையில் தெரியும். அப்போது பிரேக்கை மிதிக்காதீர்கள், வெட்டித் திருப்பாதீர்கள். ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை மெதுவாக எடுத்து, ஸ்டியரிங்கை நேராகப் பிடித்திருங்கள். தேய்ந்த டயரில் இது சீக்கிரம் நடக்கும், ஏனென்றால் தண்ணீரை வெளியே தள்ளுவதே டயரில் வெட்டியிருக்கும் பள்ளங்கள்தான்.

பக்கத்துத் தெருவுக்குப் போகக்கூட ஹெல்மெட் வேண்டுமா?

என் தம்பியின் பழைய ஹெல்மெட் ஒன்றை இன்னும் அலமாரியில் வைத்திருக்கிறேன். வீட்டுக்குத் திரும்பும் வளைவில் மணல் கிடந்தது, சறுக்கி விழுந்தான். வேகம் 40கூட இருக்காது. வெளியே பார்த்தால் ஒரு பக்கம் நான்கைந்து கோடுகள் மாதிரிக் கீறல், அவ்வளவுதான். உள்துணியைப் பிரித்தபோதுதான் எனக்குக் கை நடுங்கியது. காதுக்கு மேலே, உள்ளே இருக்கும் வெள்ளைத் தெர்மாகோல் ஒரு கட்டைவிரல் அகலத்துக்கு அமுங்கி, அதிலிருந்து ஒரு விரிசல் பின்மண்டை வரை ஓடியிருந்தது. அவன் மண்டையோட்டுக்கு வர வேண்டியதை அது வாங்கிக்கொண்டது. புதிதாகச் சேருகிறவர்கள் கையில் முதல் நாளே அதைக் கொடுத்து, அந்தப் பள்ளத்தைத் தொட்டுப் பார்க்கச் சொல்வேன்.

அதிர்ச்சியைத் தாங்கும் அந்தத் தெர்மாகோல் ஒரு தடவைதான் வேலை செய்யும். விழுந்து அடிபட்ட ஹெல்மெட்டை, வெளியே நன்றாக இருந்தாலும், மறுபடி போடக் கூடாது. பட்டை மாட்டாத ஹெல்மெட் முதல் அடியிலேயே கழன்று தனியாக உருண்டு போகும். பட்டைக்கும் தாடைக்கும் இடையே இரண்டு விரல் நுழைந்தால் போதும். பட்டையை மாட்டிய பிறகு தலையை ஆட்டினால் ஹெல்மெட்டோடு நெற்றித் தோலும் சேர்ந்து நகர வேண்டும். ஹெல்மெட் மட்டும் ஆடினால் அளவு பெரிது.

இதன் வரலாற்றில் ஒரு மருத்துவர் இருக்கிறார். 1935ஆம் ஆண்டு இங்கிலாந்தில், 'லாரன்ஸ் ஆஃப் அரேபியா' என்று பெயர்பெற்ற டி. இ. லாரன்ஸ் மோட்டார் சைக்கிளிலிருந்து தூக்கி எறியப்பட்டு, ஆறு நாள் நினைவு திரும்பாமலே இறந்தார். அப்போது அவரைப் பார்த்த மருத்துவர்களில் ஒருவர் ஹியூ கெய்ன்ஸ் என்ற மூளை அறுவை சிகிச்சை நிபுணர். தலைக்காயத்தால் இறந்த மோட்டார் சைக்கிள் ஓட்டிகளைப் பற்றி அதன் பிறகு தொடர்ந்து ஆராய்ந்து, ஹெல்மெட்டின் அவசியத்தை 1941இல் கட்டுரையாக வெளியிட்டார். பின்னாளில் வந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தால், ஹெல்மெட் சாவு ஆபத்தைச் சுமார் 40 சதவீதமும் தலைக்காய ஆபத்தைச் சுமார் 70 சதவீதமும் குறைக்கிறது. பக்கத்துத் தெருவில் இருக்கும் தாரும் கல்லும் அதே தாரும் கல்லும்தான்.

பின் சீட்டில் இருப்பவர்களுக்கும் சீட் பெல்ட் அவசியமா?

அவசியம். 50 கி.மீ. வேகத்தில் சுவரில் மோதுவது 10 மீட்டர் உயரத்திலிருந்து, அதாவது மூன்றாவது மாடியிலிருந்து விழுவதற்குச் சமம். கார் நின்றுவிடும்; பெல்ட் போடாதவர் அதே 50இல் முன்னால் போய்க்கொண்டிருப்பார். பின்னால் இருந்து வரும் அந்த உடம்பு, பெல்ட் போட்டு ஒழுங்காக உட்கார்ந்திருக்கும் முன் சீட்டுக்காரரையும் நசுக்கும். ஏர்பேக் இருக்கிறது என்று பெல்ட்டை விடுவதும் தவறு. பெல்ட் பிடித்து நிறுத்திய உடம்பை ஏந்துவதற்காகத்தான் ஏர்பேக் வடிவமைக்கப்படுகிறது.

தோளிலும் இடுப்பிலும் குறுக்கே வரும் இன்றைய பெல்ட்டை வோல்வோ நிறுவனத்தின் பொறியாளர் நில்ஸ் போலின் வடிவமைத்தார். 1959இல் கார்களில் வந்தது. மற்ற நிறுவனங்களும் பயன்படுத்தட்டும் என்று வோல்வோ அந்தக் காப்புரிமையைத் திறந்துவிட்டது. இடுப்புப் பட்டை வயிற்றின் மேல் இருக்கக் கூடாது, இடுப்பு எலும்பின் மேல் படிய வேண்டும். கர்ப்பிணிகள் வயிற்றுக்குக் கீழே தாழ்வாக ஒரு பட்டை, மார்புக்கு நடுவே ஒரு பட்டை என்று போட்டுக்கொள்ளலாம்.

குழந்தையை மடியில் வைத்து இறுக்கிப் பிடித்துக்கொண்டால் போதாதா?

போதாது. 10 கிலோ குழந்தை, 50இல் நடக்கும் மோதலின்போது கையில் நூறு கிலோவுக்கு மேல் கனக்கும். எந்தத் தாயாலும் பிடிக்க முடியாது, அன்பு குறைந்ததால் அல்ல. கைக்குழந்தைக்குப் பின்பக்கம் பார்த்த இருக்கையைப் பின் சீட்டில் பொருத்துங்கள். ஏர்பேக் வேலை செய்யும் முன் சீட்டில் அந்த இருக்கையை வைக்கவே கூடாது. விரியும் பை குழந்தையின் தலைக்குப் பின்னால் நேராக அடிக்கும்.

ஹேண்ட்ஸ்ஃப்ரீயில் பேசினால் கை சும்மாதானே இருக்கிறது?

கை சும்மா இருக்கும், மூளை சும்மா இருக்காது. கண் ரோட்டைப் பார்த்துக்கொண்டிருக்கும், பார்த்தது உள்ளே பதியாது. போன் பேசிக்கொண்டு ஓட்டுபவர் விபத்தில் சிக்கும் வாய்ப்பு ஏறத்தாழ நான்கு மடங்கு. ஹேண்ட்ஸ்ஃப்ரீ அதைப் பெரிதாகக் குறைப்பதில்லை. பக்கத்து சீட்டில் இருப்பவர் ரோட்டில் நெரிசல் வந்தால் பேச்சை நிறுத்துவார், போனில் இருப்பவருக்கு அது தெரியாது. மெசேஜ் இன்னும் கொடுமை. 80இல் போகும்போது இரண்டு நொடி திரையைப் பார்த்தால் 44 மீட்டர் கண்ணை மூடிக்கொண்டு ஓட்டியதாக அர்த்தம். கிளம்பும் முன் போனை எட்டாத இடத்தில், பின் சீட்டுப் பைக்குள் போட்டுவிடுங்கள். நீங்கள் ஓட்டுவது தெரிந்தும் கூப்பிடுகிற வீட்டாரிடமும் இதைச் சொல்லி வைக்க வேண்டும்.

தூக்கம் வந்தால் ஜன்னலைத் திறந்து பாட்டை ஏற்றினால் போதுமா?

ஒரு தடவை விடியற்காலை ஓட்டிக்கொண்டு வந்தபோது, ஒரு பாலத்தைத் தாண்டினேனா இல்லையா என்றே எனக்கு நினைவில்லை. தாண்டியிருந்தேன். நடுவில் சில நொடிகள் கண் திறந்தபடியே மூளை அணைந்து போயிருக்கிறது. வண்டியை ஓரம் கட்டிவிட்டு வெகு நேரம் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தேன். என்னை நம்பிப் பின்னால் மூன்று பேர் தூங்கிக்கொண்டிருந்தார்கள்.

ஜன்னல் காற்று, பாட்டு, முகத்தில் தண்ணீர் எல்லாம் சில நிமிடம்தான் தாங்கும். 17 மணி நேரம் தூங்காமல் விழித்திருந்தவரின் கை, கண் வேகம், ரத்தத்தில் 0.05 சதவீதம் மது இருப்பவரின் வேகத்துக்கு இறங்கிவிடும் என்று 1997இல் வந்த ஓர் ஆய்வு காட்டியது. தொடர்ந்து கொட்டாவி, கண் எரிச்சல், கோட்டை விட்டு விலகுவது, கடந்து வந்த தூரம் நினைவில் நிற்காதது, இவற்றில் ஒன்று வந்தாலே நிறுத்த வேண்டும். காபி குடித்துவிட்டு உடனே பாதுகாப்பான இடத்தில் 20 நிமிடம் தூங்குங்கள். காபி வேலை செய்ய அவ்வளவு நேரம் ஆகும், எழும்போது இரண்டும் சேர்ந்து கைகொடுக்கும். பின்னிரவு 2லிருந்து காலை 6 வரை உடம்பு தானாகத் தூக்கத்துக்குப் போகும் நேரம். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகும் கொஞ்சம் அப்படித்தான். சளி, அலர்ஜி மாத்திரைகளில் பல, தூக்கம் தருபவை. மருந்துக் கடையிலேயே கேட்டுவிடுங்கள்.

கொஞ்சமாகக் குடித்தால் ஓட்டலாமா?

கூடாது. மது முதலில் கெடுப்பது "என்னால் முடியும்" என்ற கணிப்பைத்தான், அதனால் குடித்தவர் தன்னையே சோதித்துப் பார்க்க முடியாது.

இரவில் நடந்து போகிறேன். வண்டிக்காரருக்கு என்னைத் தெரியாதா, இவ்வளவு வெளிச்சம் அடிக்கிறதே?

உங்களுக்கு அந்த விளக்கு நன்றாகத் தெரியும். அவருக்கு நீங்கள் தெரிவதில்லை. நடந்து போகிறவர்கள் எல்லோருமே தாங்கள் தெரிவதை அதிகமாக நினைத்துக்கொள்கிறார்கள். டிம் வெளிச்சம் ரோட்டில் ஏறக்குறைய 50 மீட்டர் எட்டும். கறுப்புத் துணி போட்டவர் அதற்குள் பாதி தூரத்தில்தான் தெரிவார். 80இல் வருபவருக்கு நிற்க 69 மீட்டர் வேண்டும்.

பளிச்சென்ற மஞ்சள், ஆரஞ்சு சட்டை பகலில் உதவும், இரவில் அதுவும் சாம்பல்தான். இரவில் வேண்டியது, வெளிச்சம் பட்டால் அதை வந்த வழியே திருப்பி அனுப்பும் பட்டை. அதைக் கணுக்காலிலும் முழங்காலிலும் கட்டினால் பலன் அதிகம், ஏனென்றால் மேலும் கீழும் ஆடும் கால்களைப் பார்த்ததும் மூளை "மனுஷன்" என்று கண்டுகொள்ளும். நடைபாதை இல்லாத ரோட்டில், எதிரே வரும் வண்டியைப் பார்த்தபடி நடக்கும் பக்கமாகப் போங்கள்.

ஓட்டுபவர்களுக்கு: எதிர் வண்டி பிரைட் அடித்தால் நீங்களும் அடிக்காதீர்கள். இரண்டு பேருக்கும் கண் தெரியாமல் போவதால் யாருக்கு லாபம்? உங்கள் பக்கத்து ரோட்டோரக் கோட்டைப் பார்த்தபடி வேகத்தைக் குறையுங்கள்.

லாரி, பஸ் பக்கத்தில் சைக்கிளிலோ பைக்கிலோ போகும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

டிரைவரின் முகம் அவர் கண்ணாடியில் உங்களுக்குத் தெரியவில்லையென்றால், நீங்களும் அவருக்குத் தெரியவில்லை. நீளமான வண்டி திரும்பும்போது பின் சக்கரம் முன் சக்கரத்தின் தடத்தில் வராது. உட்பக்கமாகக் குறுக்கே ஏறி வரும். சிக்னலில் அந்த உட்பக்க இடைவெளி காலியாக, கூப்பிடுவது போல் இருக்கும். நுழையாதீர்கள். பின்னால் நில்லுங்கள்.

குழந்தைகளைத் தனியாக ரோடு கடக்க எப்போது அனுமதிக்கலாம்?

பத்து வயதுக்குக் கீழே பெரும்பாலான குழந்தைகளால் வரும் வண்டியின் வேகத்தைச் சரியாகக் கணிக்க முடியாது. வண்டி தூரத்தில் இருந்தால் நேரம் இருக்கிறது என்று எண்ணுவார்கள். எத்தனை முறை சொன்னாலும், அந்தப்புறம் நண்பனைப் பார்த்தால் ஓடுவார்கள். அது கீழ்ப்படியாமை இல்லை, வயசு. அதனால் வயதை மட்டும் வைத்து விடாதீர்கள். தினமும் போகும் வழியிலேயே பல வாரம் கூடவே நடந்து, "இப்போது கடக்கலாமா, நீ சொல்" என்று முடிவை அவர்களிடம் கேளுங்கள். தவறாகச் சொல்லும்போது உங்கள் கை அங்கே இருக்கட்டும்.

எல்லாத் தவறும் ஓட்டுபவருடையதுதானா? ரோடு போடுகிறவர்களுக்குப் பொறுப்பு இல்லையா?

நிச்சயம் உண்டு, இதை உரக்கவே கேட்க வேண்டும். 1997இல் சுவீடன் நாடாளுமன்றம் ஒரு கொள்கையை ஏற்றது: மனிதன் தவறு செய்வான், அந்தத் தவறுக்கு உயிர் தண்டனையாக இருக்கக் கூடாது, அதற்கேற்ப ரோட்டை அமைப்பது அரசின் கடமை. அதன்படி எதிரெதிர்ப் போக்குவரத்துக்கு நடுவே கம்பி வடத் தடுப்பு போட்டார்கள். கண்ணசந்தவர் கம்பியில் உரசி நிற்பார், எதிர் வண்டியில் மோத மாட்டார். சாதாரண நாற்சந்தியில் வண்டிகள் ஒன்றோடொன்று மோத வாய்ப்புள்ள புள்ளிகள் 32. அதையே ரவுண்டானா ஆக்கினால் 8. மோதினாலும் மெதுவாக, பக்கவாட்டில்தான். 2019இல் நார்வேயின் ஆஸ்லோவில் நடந்து போனவர், சைக்கிளில் போனவர் ஒருவர்கூடச் சாகவில்லை. உங்கள் பகுதியில் ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப விபத்து நடந்தால், தேதி, நேரம், போட்டோவோடு எழுதிக் கொடுங்கள். அந்த இடத்தில் கோளாறு இருக்கிறது.

விபத்தைப் பார்த்தால் முதலில் என்ன செய்வது?

உங்கள் வண்டியைத் தள்ளி நிறுத்தி நான்கு இண்டிகேட்டரையும் போடுங்கள். இன்னொரு வண்டி வந்து ஏறாமல் பார்ப்பதுதான் முதல் வேலை. உங்கள் நாட்டு அவசர எண்ணுக்குச் சொல்லுங்கள். தீப்பிடிக்கும் ஆபத்து போன்றவை இல்லாவிட்டால் அடிபட்டவரை இழுக்கவோ உட்கார வைக்கவோ வேண்டாம், கழுத்தெலும்பு உடைந்திருக்கலாம். ரத்தம் கொட்டினால் சுத்தமான துணியை வைத்து விடாமல் அழுத்துங்கள். மூச்சு தடையில்லாமல் வந்தால் ஹெல்மெட்டைக் கழற்றாதீர்கள். குடிக்கத் தண்ணீர் கொடுக்காதீர்கள். மயக்கத்தில் அது மூச்சுக்குழாய்க்குள் போகும், அறுவை சிகிச்சைக்கும் தடையாகும். நினைவோடு இருந்தால் கையைப் பிடித்துக்கொண்டு பேசிக்கொண்டே இருங்கள்.

அப்பாவுக்கு 76 வயது. கண் சரியில்லை, ஆனால் சாவியைக் கொடுக்க மறுக்கிறார். எப்படிச் சொல்வது?

"உங்களால் முடியாதுப்பா" என்று ஆரம்பிக்காதீர்கள். அவர் பக்கத்தில் உட்கார்ந்து நான்கைந்து தடவை கூடவே போங்கள். புதுக் கீறல், சிக்னலைக் கவனிக்காதது, தெரிந்த வழியிலேயே தடுமாற்றம் இருந்தால் அன்றே, தனியாக இருக்கும்போது பேசுங்கள். கண் மருத்துவர் சொன்னால் பலர் ஏற்றுக்கொள்வார்கள். கண்புரை அறுவைக்குப் பிறகு நன்றாக ஓட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். முதலில் இரவு ஓட்டுவதை நிறுத்தலாம், பிறகு நெடுந்தூரம். சாவியைக் கேட்பதற்கு முன், அவர் வாரம் முழுவதும் எங்கெங்கே போகிறார் என்று ஒரு தாளில் எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே கூட்டிப் போகப்போகிறவர் பெயரைப் போடுங்கள். அந்தத் தாளை அவரிடம் காட்டிவிட்டுப் பேச்சைத் தொடங்குங்கள்.